ரயிலிலும் பஸ்ஸிலும் முதுமலை: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதுமலைக்குப் போகும் குடும்பங்களில் பெரும்பாலோர் ஊட்டியில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் மட்டும் கீழே இறங்கிக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் திட்டம் போடுகிறார்கள். காலை டிபன் சாப்பிட்டுக் கிளம்பி, நண்பகலில் முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காடு வந்து சேர்ந்து, உச்சி வெயிலில் நாலு புள்ளிமானையும் இரண்டு மயிலையும் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஒண்ணுமே இல்ல" என்று பிள்ளைகள் முகம் சுளிக்க மலையேறிவிடுவார்கள். தவறு காட்டினுடையது இல்லை. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் நடமாடுகிற உயிர்களை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆகவே திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் தெப்பக்காட்டிலோ அதன் பக்கத்து ஊரான மசினகுடியிலோ நீங்கள் கண் விழிக்க வேண்டிய இரண்டு காலைப் பொழுதுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டி, மலை ரயில், இரவு ரயில் எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அமைத்துக்கொள்ளலாம். சொந்தக் கார் தேவையே இல்லை. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

எந்த மாதம்

பள்ளி விடுமுறையை வைத்துத்தான் நம்மால் கிளம்ப முடியும் என்பதால் அதையே கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

கோடை விடுமுறையில் காடு காய்ந்திருக்கும். இலை உதிர்ந்து தூரம் வரை கண்ணுக்குத் தெரியும், விலங்குகள் தண்ணீரைத் தேடி மாயாறு ஓரம் வரும். ஆனால் பிப்ரவரியிலிருந்து கோடை மழை பிடிக்கும்வரை காட்டுத்தீக் காலம். தீ அபாயம் கூடினால் வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவைக்கும். கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேறு. மலைப்பாதையை ஒருவழியாக்கி, குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். பஸ் எந்த வழியில் போகிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

காலாண்டு விடுமுறை முடியும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில் மண்ணும் மரமும் சரிந்து மலை ரயில் ரத்தாவது ஆண்டுதோறும் நடக்கிற கதை. காடு மட்டும் அப்போதுதான் பச்சைப்பசேல் என்று கண்ணை நிறைக்கும்.

அரையாண்டு விடுமுறைதான் என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், முதுமலையில் பகலில் வெயில் இதமாக இருக்கும். ஊட்டியில் அந்த நேரம் உறைபனி இறங்கும். வயதானவர்கள் கூட வந்தால் ஊட்டியில் ஒரு இரவுக்கு மேல் வேண்டாம்.

எதை முதலில் பதிவு செய்வது

தங்குமிடம் முதலில். தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் வனத்துறைக்குச் சொந்தமான விடுதிகள் உண்டு; முதுமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அறைகள் குறைவு, விடுமுறை நாட்களில் சட்டென்று தீர்ந்துவிடும். அது உறுதியான பிறகு ரயில்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் நேர் வண்டி. சென்ட்ரலில் இரவு ஒன்பது மணியளவில் கிளம்பி காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக விடிகாலை ஆறே காலுக்கு மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அறுபது நாட்களுக்கு முன் முன்பதிவு திறக்கும். விடுமுறைக் காலம் என்றால் திறந்த அன்றே போட்டுவிடுவது நல்லது. தட்கலை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். தென் மாவட்டத்துக்காரர்களுக்குக் கோவை வந்து இறங்குவதே சுலபம். அங்கே மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பஸ் நிலையத்திலிருந்து ஊட்டிக்கு வண்டி வந்துகொண்டே இருக்கும்.

மலை ரயில் டிக்கெட்டை மூன்றாவதாகப் பாருங்கள். கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் பயணத்தையே தள்ளிவைக்க வேண்டியதில்லை, வேறு வழி கீழே சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் அந்த ஒரு மணி நேரம்

ஆறே காலுக்கு இறங்கினால் ஏழு பத்துக்கு மலை ரயில். இடையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகளை முகம் கழுவவைத்து, கழிப்பறைக்கு அனுப்பி, டீயோ பாலோ குடிக்கவைக்க அது சரியாக இருக்கும். கழிப்பறையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: மலை ரயில் பெட்டிகளில் அந்த வசதி கிடையாது. வழியில் நிற்கும் நிலையங்களில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலை உணவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இட்லியில் மிளகாய்ப் பொடி தடவி வாழையிலையில் கட்டி எடுத்துவந்தால் போதும். ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லாரும் இறங்குவார்கள். அங்கே குரங்குகளின் ராஜ்ஜியம். கையில் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நடக்கும் குழந்தைதான் அவற்றின் முதல் இலக்கு. சாப்பாட்டைப் பெட்டிக்குள்ளேயே முடித்துவிட்டு இறங்குங்கள்.

இந்த ரயிலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் காட்டிக்கொடுங்கள், பிறகு அவர்களே வேடிக்கை பார்த்துக்கொள்வார்கள். ஒன்று, இன்ஜின் பின்னால் இருக்கிறது. ஏறும்போது அது பெட்டிகளை இழுப்பதில்லை, கீழிருந்து மேலே தள்ளுகிறது. இணைப்பு எங்காவது விட்டுப்போனாலும் பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடாமல் இன்ஜின் மீதே சாய்ந்து நிற்கும். இரண்டு, கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்கும். இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது. பட்டைகள் இரண்டு, ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வருமாறு முன்பின்னாக வைத்திருப்பார்கள், அதனால் எந்தக் கணத்திலும் ஏதோ ஒரு பல் பிடியில் இருக்கும். இதை உருவாக்கியவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். சரிவு ஏறக்குறைய பன்னிரண்டு அடி முன்னேறினால் ஓர் அடி உயரும் அளவு. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். வண்டி நிற்கவும் நகரவும் கொடி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவது போல் அசையும். முன்பெட்டியில் இடம் கிடைத்தவர்கள் அதைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும், இறங்க மூன்றரை மணி நேரமும் ஆகும். நீராவி இன்ஜின் குன்னூரோடு சரி; அங்கே டீசல் இன்ஜின் மாறும்.

டிக்கெட் கிடைக்காதவர்கள் மேட்டுப்பாளையம் பஸ் நிலையம் போய் குன்னூர் பஸ் ஏறுங்கள். வழியில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். குன்னூரில் இறங்கி அங்கிருந்து ஊட்டிக்கு ரயிலில் போகலாம். இந்தத் துண்டுப் பாதையில் நாளுக்குப் பல வண்டிகள் ஓடுவதால், கவுன்டரில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துவிடலாம். பல்சக்கரமும் புகையும் இல்லை என்றாலும், கேத்திப் பள்ளத்தாக்கும் லவ்டேலும் இந்தப் பகுதியில்தான். சின்னக் குழந்தைகளுக்கு ஐந்து மணி நேரம் ஒரே பெட்டியில் உட்காருவதைவிட இந்த ஒரு மணிச் சொச்சமே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஊட்டியில் ஒரு இரவு

ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டுக்கும் நடந்து போகிற தூரத்தில் அறை எடுத்தால் மறுநாள் மூட்டை தூக்கும் வேலை குறையும். ஏரி, தாவரவியல் பூங்கா பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். மாலையில் சூடாக வர்க்கியும் டீயும் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் தூங்குங்கள். தேவையான பணத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை வாங்க வேண்டியிருந்தால் அதற்கும் இதுதான் இடம்.

காட்டுக்கு இறங்கும் இரண்டு வழிகள்

முதல் வழி கல்லட்டி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு நேரே இறங்கும், முப்பது கிலோமீட்டர்தான். அதில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். செங்குத்தான இறக்கம், பிரேக் சூடேறி நடந்த விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வாகனங்கள் இறங்க இதில் கட்டுப்பாடு உண்டு. அரசு பஸ் ஓடுகிறது, எண்ணிக்கை குறைவு. ஓட்டுநர்கள் அந்தப் பாதையிலேயே ஊறியவர்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வண்டி வாந்தி வரும் ஆள் வீட்டில் ஒருவர் இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது வழி கூடலூர். தூரம் இரண்டு மடங்குக்கு மேல், நேரமும் அப்படியே. நான் இதைத்தான் சொல்வேன். ஊட்டி பஸ் நிலையத்தில் கூடலூர், சுல்தான் பத்தேரி, மைசூர் என்று பலகை போட்ட எந்த வண்டியும் இந்தப் பக்கம்தான். பைக்காரா தாண்டி நடுவட்டம் வரை குளிர். சோலையும் புல்வெளியும் தைல மரமும். நடுவட்டம் கழிந்ததும் வளைந்து வளைந்து இறங்கும், ஸ்வெட்டரை ஒவ்வொருவராகக் கழற்றத் தொடங்குவார்கள். கூடலூர் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

மைசூர் பஸ்ஸில் ஏறினால் கூடலூரில் மாற வேண்டாம், நேரே தெப்பக்காட்டில் இறங்கலாம். ஏறும் முன் நடத்துநரிடம் "தெப்பக்காட்டுல நிறுத்துவீங்களா அண்ணா?" என்று கேட்டுவிடுங்கள். கூட்ட நாட்களில் தூரப் பயணிகளுக்குத்தான் முன்னுரிமை. இல்லையென்றால் கூடலூரில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, மசினகுடி பஸ் பிடிக்கலாம். அது தெப்பக்காடு வழியாகத்தான் போகும்.

கூடலூரில் ஜன்னல் ஓர இருக்கைக்குக் கொஞ்சம் சண்டை போட்டாலும் தப்பில்லை. தொரப்பள்ளி சோதனைச்சாவடி தாண்டியதும் காடு தொடங்கிவிடும். கூடலூரிலிருந்து தெப்பக்காடு பதினேழு, பதினெட்டு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அதில் நீங்கள் பார்ப்பது காசு கொடுத்துப் போகும் சஃபாரியில் பார்ப்பதற்குக் குறையாது. பஸ் இருக்கை உயரம். புதருக்கு மேலே கண் எட்டும். சாலையோரம் புள்ளிமான் கூட்டம், மரத்தில் மந்தி, சில நாள் காட்டெருமை, அதிர்ஷ்டம் இருந்தால் யானை. யானை சாலையில் நின்றால் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா காத்திருப்பார். உள்ளே யாரும் கத்தக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் சொன்னால் காதில் ஏறாது.

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர். இந்தச் சின்னத் தூரத்துக்குள் காடு முகம் மாறிவிடுவதைக் கவனியுங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை வாங்கிக்கொள்வதால் உயர்ந்த மரங்கள், தேக்கு, மூங்கில். கிழக்கே போகப் போக மழை மறைவுப் பகுதி. மரம் குட்டையாகி, முள் கூடி, மசினகுடி வந்ததும் வேறொரு மாவட்டத்துக்குள் வந்துவிட்டது போல் வறண்டிருக்கும்.

எங்கே தங்கினாலும் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை காட்டுச் சாலையில் போக்குவரத்துத் தடை. அதை விடுங்கள், இருட்டும் முன்பே நீங்கள் அறைக்குள் இருக்க வேண்டும். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள்; மதியம் மூன்று மணிக்குள் வந்து சேரும்படி ஊட்டியிலிருந்து கிளம்புங்கள்.

தங்குமிடம் பற்றி ஒரு எச்சரிக்கை

மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பகுதியில் தனியார் விடுதிகள் ஏராளம். இந்தச் சீகூர் பீடபூமி யானைகள் இடம்பெயரும் வழித்தடம். வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் தொடர்பான வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைகள் பக்கம்தான் தீர்ப்பளித்தது. அதனால் தனியாரிடம் பதிவு செய்யும்போது முறையான அனுமதி இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். "இரவு சஃபாரி உண்டு" என்று விளம்பரம் செய்யும் இடமா? திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போங்கள். அது சட்டவிரோதம், மாட்டினால் அபராதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கையில் பஸ் மட்டுமே உள்ள குடும்பத்துக்குத் தெப்பக்காடே வசதி. யானை முகாமும் சஃபாரி கிளம்பும் வரவேற்பு மையமும் அங்கேதான். கடைகள் மிகக் குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மசினகுடியில் ஓட்டல், மளிகை எல்லாம் கிடைக்கும், ஆனால் விடிகாலையில் தெப்பக்காடு வர ஜீப் பேச வேண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பொக்காபுரம் மாரியம்மன் திருவிழா வரும். அந்த நாட்களில் பஸ்ஸிலும் மசினகுடியிலும் கூட்டம் தாங்காது.

சஃபாரி

வனத்துறை வண்டி மட்டும்தான் காட்டுக்குள் போகும். காலையிலும் மாலையிலும் நடக்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலை முதல் வண்டியைக் குறிவையுங்கள். மசினகுடியில் தனியார் ஜீப்காரர்கள் "சஃபாரி" என்று அழைப்பது பெரும்பாலும் பொதுச் சாலையில் ஒரு சுற்றுதான், விலையைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

புலி பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். 1940இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் ஆன காடு, புலி இருக்கிறது. பெரும்பாலும் அதுதான் உங்களைப் பார்க்கும், நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள். அதற்குப் பதிலாகக் காதைத் தீட்டச் சொல்லுங்கள். மானோ மந்தியோ திடீரென்று ஒரே தாளத்தில் எச்சரிக்கைக் குரல் எழுப்பினால் பக்கத்தில் எங்கோ புலியோ சிறுத்தையோ நகர்கிறது என்று பொருள். வண்டியோட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறுத்தும் அந்த இரண்டு நிமிடம், விலங்கு வராவிட்டாலும் பிள்ளைகள் மூச்சுவிட மாட்டார்கள்.

மேலே பார்க்க மறக்காதீர்கள். பெரிய மரங்களில் மலையணில், அதன் வால் உடம்பைவிட நீளம். வானத்தில் வட்டமடிப்பது பருந்து என்று விட்டுவிடாதீர்கள், பாறு கழுகாக இருக்கலாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து செத்த மாட்டின் வழியாக இந்தக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடெங்கும் அவற்றை ஏறக்குறைய துடைத்தழித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கு அவை இன்னும் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் ஒன்று.

யானை முகாம்

காலை எட்டரையிலிருந்து ஒன்பது வரை, மாலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை, தோராயமாக இந்த நேரத்தில் உணவு கொடுப்பார்கள். கால் மணி முன்னதாகப் போய்விடுங்கள். பெரியவர்களுக்கும் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இந்தப் பயணத்தில் மிகச் சுலபமான இடம் இது.

சமையற்கூடத்தில் ராகியும் அரிசியும் கொள்ளும் தனித்தனியாக வெந்து, கட்டி கட்டியாக மேடையில் வரிசையாக இருக்கும். எந்த யானைக்கு எவ்வளவு என்பது வயதையும் எடையையும் உடல்நிலையையும் பொறுத்து மருத்துவர் எழுதிக்கொடுத்த கணக்கு. பாகனும் அவருக்கு உதவியாக இருக்கும் காவடியும் அதில் வெல்லம், தேங்காய், உப்பு, தாதுச் சத்துப் பொடி சேர்த்துப் பிசைந்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கும் அளவுக்குக் கவளமாக உருட்டுவார்கள். யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறக்க, பாகன் முழங்கை வரை உள்ளே விட்டுக் கவளத்தை வைத்துவிட்டுக் கையை எடுப்பார். மருந்து மாத்திரை இருந்தால் அதுவும் கவளத்துக்கு உள்ளேதான். நம் வீட்டில் வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுப்பதேதான். சில யானைகள் வெல்லம் இருக்கும் கவளம் எது என்று தெரிந்து அதற்காகவே தும்பிக்கையை நீட்டும்.

பாகன்களில் பலர் இந்தக் காட்டின் பழங்குடி மக்கள், குறும்பரும் காட்டுநாயக்கரும். ஊருக்குள் புகும் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய கும்கிகள் இங்கேதான் இருக்கின்றன. தடுப்புக்கு அந்தப் பக்கம் கை நீட்டுவதோ பழம் கொடுப்பதோ கூடாது. பாகனிடம் மரியாதையாகக் கேட்டால் யானையின் பெயரும் கதையும் சொல்வார். வேலையாக இருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள்.

பையில் என்ன

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச்சாவடியில் பஸ்ஸையும் நிறுத்திப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும், நிரப்பிக்கொள்ளக் குடிநீர் இயந்திரங்கள் உண்டு. உடை பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்களில். சிவப்பும் வெள்ளையும் ஊட்டிப் புகைப்படத்தோடு போதும். வாந்திக்கு எலுமிச்சம்பழமோ நார்த்தங்காய் ஊறுகாயோ எது ஒத்துவருமோ அது. மழைக் காலம் என்றால் கூடலூர்ப் பக்கம் அட்டை ஏறும், காய்ந்த காலம் என்றால் உண்ணி. எந்தக் காலத்திலும் புல்லில் உட்காராதீர்கள், சாலையை விட்டு இறங்காதீர்கள். பைனாகுலர் ஒன்று இருந்தால் நாலு செல்போனுக்குச் சமம். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. ரயில் டிக்கெட், அறைப் பதிவு இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி

கடைசி நாள் காலை சஃபாரியும் முகாமும் முடித்துவிட்டு, ஊட்டியில் பிற்பகல் இரண்டு மணி மலை ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். முகாம் முடியவே ஒன்பது, அறை காலி செய்து பஸ் பிடிக்கப் பத்து, கூடலூர் வந்து மாறி ஊட்டி போவதற்குள் ஒரு மணியைத் தாண்டிவிடும். ஒரே ஒரு பஸ் தாமதமானாலும் எல்லாம் சரிந்துவிடும். அதைவிட ஊட்டியிலிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்குங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் அங்கே இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் கிளம்பும். சாவகாசமாக இரவுச் சாப்பாட்டையே முடித்துக்கொள்ளலாம்.

வந்த வழியே திரும்ப மனம் இல்லாதவர்களுக்கு இன்னொரு யோசனை. தெப்பக்காட்டில் மைசூர் பஸ் ஏறுங்கள். கக்கநல்லாவில் கர்நாடக எல்லை, அதைத் தாண்டினால் பந்திப்பூர். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே தேர்ந்தெடுத்த ஒன்பது காடுகளில் ஒன்று. முதுமலைக்கும் அதற்கும் நடுவே எல்லைப் பலகை மட்டும்தான், யானைக்கு அதெல்லாம் கணக்கில்லை. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு ஜன்னல் வேடிக்கை இலவசம். மைசூரில் மதியச் சாப்பாடு, அரண்மனை, மாலையில் கடைவீதி. இரவு சென்னைக்குக் காவேரி எக்ஸ்பிரஸ். இந்த வழியில் போகிறவர்கள் அந்த டிக்கெட்டையும் அறுபது நாளுக்கு முன்பே, நீலகிரி எக்ஸ்பிரஸ் போடும்போது அடுத்தடுத்து கவனித்துப் போட்டுவிடுங்கள். ஈரோடு, சேலம் ஆட்களுக்கு இந்த வழி சுற்று; அவர்களுக்கு மேட்டுப்பாளையமே சரி.